பார்த்ததாக எழுதிய பக்கம்

ஜூன் 12

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் சுகமாக இருக்கிறோம். உன் தலைவலி விட்டதா? போன கடிதத்தில் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. சொல்லாததால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

கல்லூரி திறந்துவிட்டது. திறந்ததுமே என் தலையில் ஒரு மூட்டையை ஏற்றிவிட்டார்கள். போன வருடம் எங்கள் வேதியியல் இறுதியாண்டு ஆய்வறிக்கை ஒன்றை வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எடுத்துக்கொண்டு போய், கடைசிப் பக்கத்தில் கொடுத்திருந்த ஆதாரங்களை ஒவ்வொன்றாகத் தேடியிருக்கிறார். பாதிக் கட்டுரைகள் இந்த உலகத்திலேயே இல்லை. துறைத்தலைவருக்கு மானம் கப்பலேறிவிட்டது. இனிமேல் மாணவர்கள் காட்டும் ஒவ்வோர் ஆதாரத்தையும் யாராவது மூலத்தில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் கையெழுத்துப் போடுவாராம். அந்த 'யாராவது' யார்? இன்னும் நிரந்தரமாகாத ஆள் துறையில் நான் ஒருத்திதானே இருக்கிறேன்.

பிள்ளைகளைப் பற்றி என்ன சொல்வது! எல்லாம் ஈயடிச்சான் காப்பி. மூத்த வகுப்பு எழுதியதை இளைய வகுப்பு எழுதுகிறது, கமா கூட மாறுவதில்லை. ஒருத்தி ஜெர்மன் மொழிக் கட்டுரைகள் மூன்றைக் காட்டியிருக்கிறாள். அவளுக்குத் தமிழில் விடுப்பு விண்ணப்பம் எழுத வராது. இன்னொருவன் ஒரு கொதிநிலைக்கு ஆதாரமாக 'பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதம்' என்று எழுதியிருக்கிறான். அவனைத் திட்டுவதா, முதுகில் தட்டிக்கொடுப்பதா என்று தெரியவில்லை. இருக்கிறவர்களில் அவன்தான் யோக்கியன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். எங்கள் நூலகத்தில் பழைய ஆய்விதழ்கள் கிடையாது. உங்கள் நூலகத்தின் கீழ்த்தளத்தில் எல்லாத் தொகுதிகளும் இருக்கின்றன, நீதான் அதற்குக் காவல். சீட்டுகள் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் இதழ், தொகுதி, பக்கம், அங்கே என்ன இருப்பதாக மாணவர் சொல்கிறார் என்பது எல்லாம் இருக்கும். நீ எடுத்துப் பார்த்து 'உண்டு', 'இல்லை' என்று எழுதினால் போதும். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள், சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஜூன் 27

அக்காவுக்கு,

வணக்கமும் அன்பும். நலமாக இருக்கிறேன். தலைவலி ஒன்றுமில்லை, கீழ்த்தளத்து டியூப்லைட் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது, மாற்றச் சொல்லிவிட்டேன். அத்தானுக்கு மூட்டு வலி எப்படி?

உன் சீட்டுகள் வந்ததில் எனக்குக் கொண்டாட்டம்தான். இங்கே யாரும் இறங்கி வருவதில்லை. இரும்பு அலமாரிகள் தண்டவாளத்தில் நிற்கும், ஒன்றுக்குள் நுழைய வேண்டுமானால் மற்றவற்றைச் சக்கரம் திருப்பி நகர்த்த வேண்டும். யாராவது பார்க்காமல் திருப்பினால் உள்ளே இருக்கிறவள் அப்பளம். அதனால் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்கிறேன், உயிர் பயம்.

எல்லாச் சீட்டுகளையும் பார்த்துவிட்டேன். விவரம் தனித் தாளில். பெரும்பாலும் உண்டு. உன் ஜெர்மன்காரியின் மூன்றில் இரண்டு உண்டு, மூன்றாவதன் பக்கத்தில் மாட்டுத் தீவன விளம்பரம் இருக்கிறது, வேண்டுமானால் ஆதாரமாக வைத்துக்கொள்ளச் சொல். நகல் எடுத்து அனுப்ப முடியாது. பழைய தொகுதிகளை இயந்திரத்தில் விரித்து அழுத்தினால் முதுகு பிளந்துவிடும் என்று நூலகர் தடை போட்டிருக்கிறார். என் வார்த்தைதான் உனக்கு நகல்.

ஒன்று மட்டும். அடுத்த சீட்டுகளைக் கொஞ்சம் பெரிய எழுத்தில், கறுப்பு மையில் எழுது. நீல மை இந்த வெளிச்சத்தில் மங்கித் தெரிகிறது.

தங்கை

ஜூலை 19

என் செல்லத்துக்கு,

சுகம்தானே? இங்கே எல்லோரும் சுகம். அத்தானின் மூட்டு, மாடிப்படியைப் பார்த்தால் வலிக்கிறது, டீக்கடையைப் பார்த்தால் வலிப்பதில்லை.

உன் தாளைத் துறைத்தலைவரிடம் காட்டினேன். மனிதர் குளிர்ந்துபோய்விட்டார். பிள்ளைகள் என்னைப் 'போலீஸ்காரம்மா' என்று கூப்பிடுகிறார்களாம். அடுத்த கட்டுச் சீட்டுகள் இதோ, கறுப்பு மையில், கொட்டை எழுத்தில். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்.

மேலே இருக்கும் சீட்டை முதலில் பார்க்க வேண்டும். அது எங்கள் 'வக்கீலம்மா'வுடையது. அரை மதிப்பெண்ணுக்குக் கூட வாதாடுவாள் என்பதால் அந்தப் பெயர். வகுப்பில் அவள்தான் முதல். மேல்படிப்புக்கு இடம் கூடக் கிடைத்துவிட்டது, இந்த அறிக்கை தேறிவிட்டால் போய்ச் சேர வேண்டியதுதான். பென்சாயிக் அமிலம் தண்ணீரும் சாராயமும் கலந்த கரைசலில் எவ்வளவு கரைகிறது என்று அளந்திருக்கிறாள். பழைய கட்டுரை ஒன்றில் இருப்பதாக ஓர் எண்ணைக் கொடுத்து, தன் அளவும் அதுவும் ஒத்துப்போவதாக எழுதியிருக்கிறாள். துறைத்தலைவருக்கு அங்கேதான் சந்தேகம். எண்கள் மாப்பிள்ளையும் தோழனுமாக இவ்வளவு ஒட்டி நின்றால் ஒன்று பொய்யாக இருக்கும் என்கிறார். பொய் என்று தெரிந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடம் போய்விடும், கிடைத்த இடமும் போய்விடும். அதனால் பொறுமையாகப் பார்.

அது சரி, உன் கையெழுத்து ஏன் இப்படி ஆகிவிட்டது? வரிகள் மலையேறுகின்றன. ஓடுகிற பேருந்தில் வைத்து எழுதினாயா?

அக்கா

ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம்.

பேருந்தில் எழுதவில்லை. இப்போது பேருந்தில் போவதையே விட்டுவிட்டேன், நடந்து போகிறேன். உடம்புக்கு நல்லது என்கிறார்கள்.

சீட்டுகளின் விவரம் தனித் தாளில். வக்கீலம்மாவின் பக்கத்தைப் பார்த்தேன். தொகுதி சரி, பக்கமும் சரி. பென்சாயிக் அமிலத்துக்கு அட்டவணை இருக்கிறது. ஆனால் தண்ணீருக்கு மட்டும்தான். அவள் சொல்லும் கலவைக்கு எண் இல்லை.

இனி ஒரே தடவையில் இவ்வளவு அனுப்பாதே. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தங்கை

ஆகஸ்ட் 29

அன்புத் தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? கடிதம் தந்தி மாதிரி வந்திருந்தது. இங்கே உடம்புக்குக் குறைவில்லை, மனசுதான் சரியில்லை.

'இல்லை' என்று நீ எழுதியதைத் துறைத்தலைவரிடம் கொடுத்தேன். உடனே வக்கீலம்மாவைக் கூப்பிட்டுவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த எண்ணை நீயே இட்டுக்கட்டினாயா என்று கேட்டார். அவள் வாதாடுவாள் என்று நினைத்தேன். வாதாடவில்லை. மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த வால்யூமை நான் பார்க்கல சார். எங்க டியூஷன் வாத்தியார் வீட்ல ஒரு புத்தகம் இருந்துச்சு, அதுல அந்த எண்ணையும் அது எங்கேருந்து எடுத்ததுங்கறதையும் போட்டிருந்தாங்க. நான் புத்தகத்தை விட்டுட்டு நேரா மூலத்தைப் பேர் சொல்லிட்டேன். அது தப்புதான். ஆனா எண் பொய்யில்ல."

அந்தப் புத்தகம் எங்கே என்றார். வாத்தியார் வீடு மாறிப் போய்விட்டார், புத்தகத்தின் அட்டை கிழிந்திருந்தது, பெயர் தெரியாது என்றாள். கேட்பதற்கே கதை மாதிரி இருந்தது. பார்க்காததைப் பார்த்ததாக எழுதுகிறவள் இல்லாததையும் இருப்பதாக எழுதுவாள் என்று துறைத்தலைவர் முடிவு கட்டிவிட்டார். அக்டோபர் கடைசியில் குழு கூடி விசாரிக்கும்.

எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பாடம் நடத்தும்போது சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு எடுக்காமலே நிற்கிறேன். அந்தப் பெண் முன்வரிசையில் இருந்து கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். எனக்காக இன்னொரு முறை பார்ப்பாயா? அடுத்த பக்கம், முந்தின பக்கம் எல்லாம் பார். சரியான தொகுதியைத்தானே எடுத்தாய்?

அக்கா

செப்டம்பர் 9

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதித்தான் ஆக வேண்டும், எழுதிவிட்டேன்.

சரியான தொகுதியைத்தானே எடுத்தாய் என்று கேட்டிருக்கிறாய். கீழ்த்தளத்தில் கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்தத் தொகுதி எங்கே என்று கை நீட்டி எடுப்பேன். உனக்கு வேறு ஆள் கிடைத்தால் அவரிடம் கேட்டுக்கொள். சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான். அடுப்பை அணைத்துவிட்டேன் என்று நான் சொன்னாலும் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாய்.

மறுபடியும் பார்த்தேன். இல்லை. முன்னும் பின்னும் இல்லை. உன் மாணவி புத்திசாலி, அதனால் பொய்யும் புத்திசாலித்தனமாக இருக்கிறது. அவளுக்காக நான் எண்ணை முளைக்க வைக்க முடியாது.

இங்கே சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். மாடிப்படிக்கும் வெள்ளை, கைப்பிடிக்கும் வெள்ளை. எந்தப் படி எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள் போல. நூலகர் என்னை மேல்தளத்துக் கவுண்டருக்கு மாற்றலாமா என்று கேட்டார், மாட்டேன் என்றேன். கீழே எனக்குப் பழக்கம்.

அத்தானுக்கு வணக்கம்.

தங்கை

செப்டம்பர் 24

என் கோபக்காரிக்கு,

சுகமாக இரு. அடுப்பைத் தொட்டுப் பார்த்தது உண்மைதான், ஒரு முறை சூடாகவும் இருந்தது என்பதை நீ வசதியாக மறந்துவிட்டாய். சரி, கேட்டது என் தப்பு. உன்னைச் சந்தேகப்படவில்லை. எனக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருக்கிறது, அதை உன் மேல் கொட்டிவிட்டேன்.

குழுவுக்கு எழுத்தில் கொடுக்கச் சொன்னார்கள். 'மூலத்தில் நேரடியாகச் சரிபார்க்கப்பட்டது, எண் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

கொடுத்த அன்று மாலை வக்கீலம்மா வீட்டுக்கு வந்தாள். உள்ளே கூப்பிட்டும் வராமல் செருப்போடு வாசலில் நின்றாள். யார் பார்த்தது என்று கேட்டாள். என் தங்கை என்றேன். பிறகு ஒன்று கேட்டாள்.

"அவங்க பார்த்தாங்கங்கறதை நீங்க பார்த்தீங்களா மேடம்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் தங்கை பொய் சொல்லமாட்டாள் என்றேன். "நானும் அதையேதான் சார்கிட்ட சொன்னேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் போன பிறகுதான் அது உறைத்தது. பொய் இல்லை என்று அவளும் சொன்னாள், யார் கேட்டோம்?

அவளே உங்கள் நூலகத்துக்கு வரப்போகிறாளாம். ஒரு பகல் பயணம். வந்தால் கடுமையாக நடந்துகொள்ளாதே. தொகுதியை எடுத்துக் கையில் கொடு, தானே பார்த்துத் தெளியட்டும்.

பதில் போடு.

அக்கா

அக்டோபர் 6

தங்கைக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. வக்கீலம்மாவும் வகுப்புக்கு வரவில்லை. அங்கே வந்தாளா? ஏதாவது தகராறா? தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கரண்டியோடு வாசலுக்கு ஓடுகிறேன், உன் அத்தான் சிரிக்கிறார். உடம்புக்கு முடியவில்லை என்றால் ஒரு வரி போடு, எதுவானாலும் பரவாயில்லை.

அக்கா

அக்டோபர் 8

அக்காவுக்கு,

கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. எழுதுவது உன் வக்கீலம்மா. சொல்லச் சொல்ல எழுதுகிறாள். என் அறையில்தான் இருக்கிறாள், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. நான் கட்டிலில்.

(மேடம், வணக்கம். அவங்க சொல்றதை ஒரு வார்த்தை மாத்தாம எழுதறேன். நடுவுல எனக்கு ஏதாவது சொல்லணும்னா இப்படி அடைப்புக்குறிக்குள்ள சொல்றேன்.)

அவள் வந்து தொகுதியைக் கேட்டாள். எடுத்துக்கொடுத்தேன். மேசையில் விரித்து, பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். அட்டவணைக்குக் கீழே விரல் நின்றது. வாய்விட்டுப் படித்தாள். சாராயம் கலந்த கரைசலுக்கு இவ்வளவு என்று, அவள் எழுதிய அதே எண். அட்டவணைக்குள் இல்லை அக்கா, அதன் காலடியில் எறும்பு எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு. எங்கே, காட்டு என்றேன். என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். எனக்கு அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு கறைதான் தெரிந்தது.

(நான் முதல்ல கத்தணும்னுதான் நினைச்சேன் மேடம். ஜெயிச்சுட்டேன்ல. ஆனா அவங்க குனிஞ்சு, தலையை ஒரு பக்கமா சாய்ச்சு, ஓரக்கண்ணால அந்தப் பக்கத்தைத் தேடினாங்க.)

இவள் மெதுவாக, எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டாள். அம்மா அப்பா இருந்திருந்தால் அவர்களிடம் கூடச் சொல்லியிருக்கமாட்டேன், இவளிடம் சொல்லிவிட்டேன். போன மழைக்காலத்திலிருந்து. பார்வையின் நடுவில் இருக்கிற இடம் அழிந்துகொண்டே போகிறது. ஓரம் இருக்கும். நடக்கலாம், சமைக்கலாம், அலமாரி தள்ளலாம். தொகுதிகளின் முதுகில் பொன் எழுத்து பெரிதாக இருக்கிறது, இடமும் மனப்பாடம். மனிதர்களின் முகம் போய்விட்டது. படிப்பது போய்க்கொண்டிருக்கிறது. திரும்பி வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். பழைய இதழ்களைப் படிக்க முடியாதவளுக்கு அந்த வேலை எதற்கு? வேலை போனால் இந்த அறை போய்விடும். உன் வீட்டுக்கு வந்து, நீ எனக்குச் சோறு பிசைந்து போடுவாய். அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜூன் சீட்டுகளை நிஜமாகவே பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்து. ஜூலைச் சீட்டுகளில் தலைப்பு தெரிந்தது, கட்டம் தெரிந்தது, மற்றதை ஊகித்தேன். செப்டம்பரில் நீ மறுபடி கேட்டபோது தொகுதியைத் திறக்கவே இல்லை. திறந்தாலும் தெரியாது என்று தெரியும். அதனால்தான் உன் மேல் எரிந்து விழுந்தேன்.

(இதைச் சொல்லும்போது அழுதாங்க. எழுதாதேன்னாங்க. எழுதிட்டேன், மன்னிச்சிடுங்க.)

இந்தப் பெண்ணைக் காப்பாற்று. அடிக்குறிப்பு இருக்கிறது என்று குழுவிடம் சொல். ஆனால் என்னைப் பற்றி எதுவும் வேண்டாம். எப்படியாவது என்னை வெளியே விட்டுவிடு. இவளும் யாரிடமும் சொல்லமாட்டேன் என்கிறாள்.

உன் தங்கை (எழுதியது நான்)

அக்டோபர் 14

அடிக் கழுதை,

சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கூடப் பிறந்தவளிடம் சொல்ல முடியவில்லை, என் கடைசி பெஞ்சு மாணவியிடம் சொல்லியிருக்கிறாய். பெரிய எழுத்தில் எழுது, கறுப்பு மையில் எழுது என்றாய், பேருந்தை விட்டேன் என்றாய், படி தெரியவில்லை என்றாய். ஒவ்வொன்றும் என் கண் முன்னால்தான் இருந்தது. மாணவர்கள் எழுதிய ஒவ்வொரு வரியையும் தோண்டினேன், உன் வரியைத் தோண்டவில்லை. உன் மேல் கோபமா என் மேல் கோபமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இப்போது கேள். நான் யோசித்துவிட்டேன். உங்கள் நூலகத்துக்கு நானே வந்து, நானே பார்த்து, அடிக்குறிப்பைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன். திட்டுவார்கள், வாங்கிக்கொள்கிறேன். இந்த வருடமும் நிரந்தரம் ஆகாது, பழகிப்போனதுதான். வக்கீலம்மா தப்பித்துவிடுவாள். உன் பெயர் எங்கேயும் வராது. குழு கூடுவதற்குள் இந்தக் கடிதத்தை உனக்குப் படித்துக்காட்ட நம்பிக்கையான யாராவது இருக்கிறார்களா?

அக்கா

அக்டோபர் 20

அக்கா,

சுகம். இது என் கையெழுத்துதான். கனத்த பேனா வாங்கினேன். தாளுக்கு நாலு வரி. எத்தனை தாள் ஆனாலும் நானே எழுதுவேன்.

உன் கடிதத்தைக் கீழ்வீட்டு அம்மா படித்துக்காட்டினார். 'அடிக் கழுதை'யை மட்டும் ரசித்து இரண்டு தரம் படித்தார். நீ அழுத இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு தாண்டப் பார்த்தார், விடவில்லை.

நீ சொன்னபடி எழுதாதே. என்னை விட்டுவிடு என்று கேட்டவள் நான்தான். கேட்ட பிறகு நிலைகொள்ளவில்லை. அறைக்குள் சுவருக்குச் சுவர் நடந்தேன். வக்கீலம்மா பார்க்காமல் பார்த்ததாக எழுதினாள். நான் கண்ணுக்கு எழுத்து தெரியாமலே பார்த்ததாகச் சொன்னேன். என் பேச்சை நம்பி 'நேரடியாக' என்று நீ எழுதினாய். இதற்கு மேல் இன்னொரு பொய்யா? நீயே பார்த்ததாக எழுதினால், ஜூலைக் கட்டு முழுவதும் சரி என்று ஆகிவிடும். அதில் எந்தப் பிள்ளைக்கு நான் வாய்க்கு வந்தபடி 'இல்லை' போட்டேனோ, அது யாரிடம் போய் வாதாடும்? எல்லோரும் வக்கீலம்மா இல்லை.

இதை எழுது. 'ஜூலையில் அனுப்பிய சீட்டுகளுக்கு மூலத்தை நான் பார்க்கவில்லை. என் தங்கையின் சொல்லை வைத்துக் கையெழுத்திட்டேன். அவள் கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை. தெரியவில்லை என்பதை அவள் சொல்லவில்லை.' ஒரு வார்த்தையும் மாற்றாதே.

நீ எனக்காகப் பூசி மெழுகிவிடுவாய் என்று தெரியும். அதனால் காலையிலேயே நூலகரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும் சத்தம் கேட்டது. முகம் தெரியாததால் கோபமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு, "இனிமே தனியா கீழே இறங்காதீங்க" என்றார். மாதக் கடைசியில் முடிவு சொல்வாராம். என்ன முடிவு என்று கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை.

தங்கை

நவம்பர் 2

என் தங்கைக்கு,

சுகமாக இருக்கிறேன், நீயும் இருக்க வேண்டும்.

நீ சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். குழுவில் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். படித்து முடித்துவிட்டேன். வக்கீலம்மாவுக்கு வருடம் போகவில்லை. பார்க்காத கட்டுரையைப் பார்த்த மாதிரி காட்டியதற்குக் கொஞ்சம் மதிப்பெண் குறைத்தார்கள், அவள் ஒரு வார்த்தை வாதாடவில்லை. அட்டை கிழிந்த புத்தகத்தில் முதலில் கண்டது, பின்பு மூலத்தில் தானே பார்த்தது என்று இரண்டையும் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். போக வேண்டிய இடத்துக்குப் போகிறாள். ஜூலைக் கட்டு முழுவதையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று உத்தரவு. நானே பார்க்க வேண்டுமாம். என் வேலை நிரந்தரம் பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

எல்லோரும் எழுந்து போன பிறகு துறைத்தலைவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன்.

"உங்க தங்கச்சிக்கு அங்க துணைக்கு யார் இருக்காங்க?" என்றார்.

கீழ்வீட்டு அம்மாவைத் தவிர ஒருவர் பெயரும் என் நினைவுக்கு வரவில்லை.

உன்னிடம் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. இந்தத் தாளில் எழுதத் தொடங்கி இரண்டு முறை கிழித்துவிட்டேன். நாம் இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்கிறதை இனி மூன்றாவது ஒருவர் வாயால்தான் நீ கேட்க வேண்டும் என்பது எனக்கு இன்னும் பழகவில்லை. அதனால் அதை எழுதவில்லை.

கீழ்வீட்டு அம்மா, இதற்கு மேல் படிப்பதற்கு ஒன்றும் இல்லை. தாளை மடித்து அவள் கையில் கொடுத்துவிடுங்கள். அக்கா கிளம்பிவிட்டாள் என்று மட்டும் சொல்லுங்கள்.